வந்தது பதினொண்ணு, பேசினது பூஜ்யம்

மடியில என்ன சார், லேப்டாப்பா? அப்ப நீங்களும் கம்ப்யூட்டர் வேலைதானா? இல்ல, சும்மா கேட்டேன். கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இப்பல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே எனக்கு ஆக மாட்டேங்குது. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப் வர இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. சொல்றேன், கேளுங்க. நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு பரமானந்தம். தென்னவநேரி நகராட்சியில பதினாலாவது வார்டு கவுன்சிலர்.

சரி, சரியாவே சொல்லிடுறேன். இப்பல்லாம் எதையும் சரியாச் சொல்ல வேண்டியிருக்கு. கவுன்சிலர் என் வீட்டுக்காரி. சுகந்தி. ரெண்டும் ஒண்ணுதானே சார்? போன தடவைக்கு முந்தின தடவை நான்தான் நின்னேன், நான்தான் ஜெயிச்சேன். அப்புறம் எவனோ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எங்க வார்டைப் பெண்கள் வார்டுன்னு மாத்திப்புட்டான். எனக்கென்ன, நான் பொம்பளையாவா மாற முடியும்? எங்கம்மாவை நிறுத்தலாம்னா அவங்களுக்கு முட்டி வலி. சுகந்தியை நிறுத்தினேன். போஸ்டர்ல என் படம் இவ்வளவு பெருசு, கும்பிட்ட மாதிரி. அவ படம் மூலையில, ஸ்டாம்பு சைஸ்ல. ஜனங்க என் முகத்துக்குத்தான் சார் ஓட்டுப் போட்டாங்க. இருநூத்திப் பன்னெண்டு ஓட்டு வித்தியாசம். அதுல ஒரு ஓட்டாவது அந்த ஸ்டாம்பு சைஸ் படத்துக்கு விழுந்திருக்கும்னு நினைக்கிறீங்களா?

எங்க மன்றத்துல எட்டு பெண்கள் வார்டு. எட்டுக்கும் நாங்க எட்டு பேரு, வீட்டுக்காரங்க, வரிசையா உக்காருவோம். ஒன்பதாவது வார்டுல மட்டும் வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார், அதனால அந்தம்மாவோட மச்சினர். எல்லாரும் அனுபவஸ்தங்க. எட்டுல ஆறு பேரு பழைய கவுன்சிலர். மன்றம் என்ன அழகா நடக்கும் தெரியுமா? பத்தரைக்குக் கூட்டம்னா பதினொண்ணேகாலுக்கு முடிஞ்சிடும். அஜெண்டாவை வாசிப்பாங்க, "ஓகே, ஓகே"ன்னு சொல்லுவோம், போண்டா வரும், கிளம்பிடுவோம்.

முதல் ரெண்டு கூட்டத்துக்கு சுகந்தி வந்தா. பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா, பேசினது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அப்பவும் நான்தான். அப்புறம் நானே சொன்னேன், உனக்கு எதுக்கு வீண் அலைச்சல், வெயில் வேற, வீட்டுல இருன்னு. எத்தனை புருஷன் சார் இப்படிச் சொல்லுவான்? வருகைப் பதிவேட்டுல அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டுடுவேன். அவ கையெழுத்தை அவளை விட நான் நல்லாப் போடுவேன். அவ போட்டா "சு" ஒரு பக்கம் போகும், "தி" ஒரு பக்கம் போகும்.

இப்படி நல்லாப் போயிக்கிட்டிருந்த இடத்துலதான் அந்தப் பொண்ணு வந்துச்சு. பிளெஸ்ஸி. எஸ்தர் டீச்சர் மக. பெங்களூர்ல ஏதோ கம்பெனி, ஆனா வேலை இங்க வீட்டு மாடியில. சம்பளம் வருதுல்ல, பேசாம இருக்கலாம்ல? சனி ஞாயிறுல இதே மாதிரி இன்னும் மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு, எங்க மன்றக் கூட்டத்து மினிட்ஸ் எல்லாத்தையும் நகல் வாங்கியிருக்கு. நானூறு பக்கம் சார்! அதை உக்காந்து டைப் அடிச்சு இன்டர்நெட்டுல ஏத்திடுச்சு. "நம்ம மன்றம்"னு பேரு. உள்ள போனா ஊர் மேப் இருக்கும். உங்க வார்டைத் தொட்டா கவுன்சிலர் பேரு, போட்டோ, போன் நம்பர், எத்தனை கூட்டம் வந்தாங்க, எத்தனை தடவை பேசினாங்க, என்னென்ன தீர்மானத்துல கையெழுத்துப் போட்டாங்க, எல்லாம் வரும்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் பாட்டுக்குச் சலூன்ல உக்காந்திருக்கேன், மூஞ்சி பூரா நுரை. கடைக்காரர் முனீஸ்வரன் கத்தியை ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கையில போனைப் பார்த்து வாசிக்கிறார். "வார்டு பதினாலு. சுகந்தி பரமானந்தம். வந்தது பதினொண்ணு. பேசினது பூஜ்யம்." கடையில ஒரே சிரிப்பு. "என்னண்ணே, பதினோரு கூட்டமும் வாயே திறக்கலையா?"ங்கிறார். நுரையோட நான் என்னத்தைச் சொல்ல? கத்தி வேற தொண்டைக்கிட்ட இருக்கு.

பூஜ்யம்! யாரைப் பார்த்து? பதினோரு கூட்டத்துலயும் அதிகமாப் பேசினவன் நான் சார். சேர்மனே சொல்லுவார், "பரமு, போதும்ப்பா, போண்டா ஆறுது"ன்னு. ஆனா மினிட்ஸ்ல நான் பேசினது ஒண்ணுகூட ஏறலை. ஏன்னா நான் உறுப்பினர் இல்லையாம். அவ பேசலை, அதனால அதுவும் ஏறலை. ரெண்டையும் கூட்டினா பூஜ்யம்.

பாதி ஷேவிங்கோட அப்படியே எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் உக்காரச் சொல்லுச்சு. எலுமிச்சை ஜூஸ்கூடக் குடுத்துச்சு.

"ஏம்மா, பொய்யெல்லாம் போட்டிருக்கியே?"ன்னேன்.

"எது அங்கிள் பொய்? சொல்லுங்க, உடனே திருத்திடுறோம். அதுக்குத்தான் இதை எல்லாரும் பாக்குற மாதிரி வச்சிருக்கோம்."

"பேசினது பூஜ்யம்னு போட்டிருக்கே. நான் பதினொரு கூட்டமும் பேசியிருக்கேன்."

"நீங்க பேசினீங்களா அங்கிள்?"

"பின்ன? பேசினது நான், ஓட்டுக்குக் கை தூக்கினது நான், கையெழுத்துப் போட்டதுகூட நான்."

அது லேப்டாப்பை மூடி வச்சுச்சு. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு. "அங்கிள், எங்ககிட்ட ஒரு விதி இருக்கு. ஆவணம் இல்லாம ஒரு எழுத்துகூட மாத்த மாட்டோம். நீங்க சொன்னதை எழுதிக் குடுத்தா அதையும் அப்படியே பக்கத்துல போடுவோம். ஆனா வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சிட்டு எழுதுங்க. ஆன்ட்டிகிட்டயும் கேட்டுக்கோங்க."

"நான் யோசிக்காம எதையும் எழுதுறதில்ல"ன்னு சொல்லிட்டு, அங்கேயே, கவுன்சிலர் லெட்டர்பேடை எடுத்தேன். எப்பவும் பையில வச்சிருப்பேன். "மேற்படி பதினொரு கூட்டங்களிலும் என் மனைவிக்குப் பதிலாக நானே கலந்துகொண்டு, நானே பேசி, நானே வாக்களித்து, நானே கையொப்பமிட்டுள்ளேன் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." தேதி போட்டு, கவுன்சிலர் சீலும் குத்திக் குடுத்தேன்.

நீங்க எதுக்கு சார் வாயைப் பொத்திக்கிறீங்க? இருமலா? தண்ணி குடிங்க.

அன்னிக்குச் சாயங்காலமே ஏத்திடுச்சு. நேர்மையான பொண்ணு, அதை ஒத்துக்கணும். ஒரு புள்ளி மாத்தலை. நானே அந்த லிங்கை எடுத்து வார்டு குரூப், கட்சி குரூப், கல்யாண மண்டபம் குரூப், எல்லாத்துலயும் போட்டேன். "பூஜ்யம் என்று சிரித்தவர்களுக்குப் பதில்"னு மேல ஒரு வரி. பத்து நிமிஷத்துல சேர்மன் போன். "பரமு, குடிச்சிருக்கியா?"ன்னார். நான் அந்தப் பழக்கமே இல்லாதவன் சார். எவ்வளவு வருத்தமா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் நகராட்சி கமிஷனர் போன். அப்புறம் மத்த ஏழு வீட்டுக்காரங்களும் ஒவ்வொருத்தனா. ஒருத்தனும் பாராட்டலை. பொறாமைதான், வேறென்ன?

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு பக்கம் எனக்குத் தெரியாமலே ஒண்ணு நடந்திருக்கு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு கவுன்சிலரையும் நேர்ல பார்த்து நம்பர் சரிதானான்னு கேட்டிருக்கு. நகராட்சிப் பதிவுல சுகந்தி நம்பர்னு இருந்தது என் நம்பர். சுகந்தி என்ன பண்ணியிருக்கணும்? "அவர்கிட்டயே பேசிக்கோங்க"ன்னு சொல்லியிருக்கணும். அவ அவளோட நம்பரைக் குடுத்திருக்கா. சீரியல் பார்க்கட்டும்னு நான் வாங்கிக் குடுத்த போன் சார் அது!

அதுக்கப்புறம் என் போனு அடிக்கவே மாட்டேங்குது. ரிப்பேரோன்னு கடையில குடுத்துகூடப் பார்த்தேன். போனு நல்லாத்தான் இருக்குண்ணேன்னு திருப்பிக் குடுத்தான். எல்லாம் அந்தப் பக்கம் அடிக்குது. அடுப்படியில நின்னுக்கிட்டே பேசுறா. "சொல்லுங்கக்கா, எந்தத் தெரு? எத்தனை நாளா?" ஒரு நோட்டு வச்சுக்கிட்டு எழுதுறா. நான் என்ன சொன்னேன்? இதெல்லாம் எழுதக் கூடாது புள்ள, எழுதினா செய்யணும்னு ஆயிடும், "பார்க்கிறேன்"னு சொல்லி வச்சிடுன்னேன். என் இத்தனை வருஷ அனுபவத்தைத் தட்டுல வச்சுக் குடுக்கிறேன். அவ தலையை ஆட்டிக்கிட்டே எழுதுறா.

இப்பத்தான் அந்த மும்தாஜ் வருது கதைக்குள்ள. பம்ப் ஹவுஸ் தெருவுல தையல் தைக்கிற பொம்பளை. அந்தத் தெருவுக்குப் பேருதான் பம்ப் ஹவுஸ், தண்ணி வராது. பழைய குழாய், துருப்பிடிச்சு அடைச்சுக்கிடுச்சு. பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்கு, அங்க போய்த் தூக்கிட்டு வருவாங்க. நான் சும்மா இல்ல சார். புதுக் குழாய் போட மன்றத்துல பேசி அனுமதி வாங்கினேன். கான்ட்ராக்டர் நம்ம பையன், என் சித்தப்பா மகளைக் கட்டினவன். வேலையை ஆரம்பிக்கிறதுக்குள்ள நிதியாண்டு முடியப்போகுது. "மச்சான், இப்ப முடிஞ்சிடுச்சுன்னு எழுதலைன்னா ஒதுக்கினது திரும்பிப் போயிடும், எழுதிட்டா ஆற அமரப் பதிச்சுடலாம்"னான். நியாயமாத்தானே இருக்கு? தெருவுக்கு வந்த நன்மை திரும்பிப் போக விடலாமா? ஒன்பதாவது கூட்டத்துல, தீர்மானம் நாற்பத்தேழு, "பம்ப் ஹவுஸ் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணி நிறைவு பெற்றது." முன்மொழிந்தவர் சுகந்தி. கையெழுத்து சுகந்தி. அதாவது நான்.

அப்புறம் அவனுக்கு வேற வேலை வந்திடுச்சு. மழை வேற. ரெண்டு மாசம் ஆச்சு. அந்த மும்தாஜ் குடத்தைத் தூக்கிக்கிட்டு பைபாஸைக் கடக்கிறப்ப பைக்குக்காரன் அடிச்சிட்டுப் போயிட்டான். வலது கால். உள்ள கம்பி வச்சிருக்காங்க. கேட்டதும் பதறிப் போயிட்டேன். ஆஸ்பத்திரிக்கே போய் ஆரஞ்சு குடுத்து, போட்டோ எடுத்து, குரூப்புல போட்டேன். வார்டுல யார் வீட்டுல என்ன நடந்தாலும் முதல் ஆளா நிக்கிறவன் நான். அதெல்லாம் அந்த இன்டர்நெட்டுல எங்கயாவது இருக்கா? ஆரஞ்சுக்கு ஒரு கட்டம் வச்சிருக்காங்களா?

வீடு வந்த மும்தாஜ், மெஷினை மிதிக்க முடியாம உக்காந்திருக்கு. பொழுது போகாம "நம்ம மன்றம்" பார்த்திருக்கு. தன் தெருப் பேரைத் தேடியிருக்கு. நாற்பத்தேழு வந்திருக்கு. உடனே சுகந்திக்குப் போன்.

திட்டியிருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன் சார். திட்டவே இல்லையாம். "அக்கா, எங்க தெருவுல குழாய் போட்டாச்சுன்னு உங்க கையெழுத்தோட இருக்கு. எந்த இடத்துல போட்டிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் யாரையாவது விட்டுத் தேடச் சொல்றேன்"னு கேட்டிருக்கு.

சுகந்தி உடனே சேலையை மாத்திக்கிட்டு, ஆட்டோ பிடிச்சு அங்க போயிருக்கா. தெரு இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்திருக்கா. மும்தாஜ் வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டு வந்தா. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கேன். சோத்தைப் போட்டுட்டு எதிர்க்க உக்காந்தா.

"என்னங்க, நாற்பத்தேழாவது தீர்மானத்துல கையெழுத்து நான் போட்டதா?"

"உன் பேருல இருக்குல்ல?"

"நான் போட்டேனான்னு கேக்குறேன்."

"நான் போட்டா என்ன, நீ போட்டா என்ன? ரசத்தை ஊத்து."

ஊத்தினா. ஊத்திட்டுச் சொல்றா, "அந்த அம்மா கால் என் கையெழுத்துலங்க உடைஞ்சிருக்கு."

எனக்கு மனசு இளகிடுச்சு சார். பொம்பளை மனசு, வேண்டாததையெல்லாம் தலையில ஏத்திக்கும். ஆறுதலாச் சொன்னேன், "சீ, அப்படியெல்லாம் நினைக்காத புள்ள. அது உன் கையெழுத்தே இல்ல. நான் போட்டது."

இதைவிட ஆறுதலா ஒரு புருஷன் என்ன சொல்ல முடியும்? அவ என்னையே பார்த்தா. பதினெட்டு வருஷம் ஆச்சு கல்யாணமாகி, அப்படி ஒரு பார்வை பார்த்ததில்ல. கோபம்னு சொல்ல முடியாது. கடையில ஒரு சாமானை எடுத்து, திருப்பிப் பார்த்து, வேண்டாம்னு வைப்போம்ல, அந்த மாதிரி. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா. மோர் நானே ஊத்திக்கிட்டேன்.

பன்னெண்டாவது கூட்டம். முந்தின நாள் ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. மன்றத்துக்குள்ள உறுப்பினர்கள் மட்டும்தான் உக்காரலாம், உறவினர்கள் வரக் கூடாது, மீறினா நடவடிக்கை. இணைப்புன்னு ஒரு காகிதம். என்னன்னு பார்த்தா என் லெட்டர்! சீல் குத்தினது! அது எப்படியோ மேலிடம் வரைக்கும் போயிருக்கு. நான் பூஜ்யத்தைத் திருத்தச் சொல்லி எழுதினதை, எதுக்கெல்லாம் பயன்படுத்துறாங்க பாருங்க.

ஆக எட்டு பேரும் வெளியே. நகராட்சி வராந்தாவுல, பைக் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல, வெயில்ல நிக்கிறோம். எங்க ஒருத்தனுக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியலை. கடைசியில ஆறாவது வார்டு தவசிக்கண்ணுதான் சொன்னான், "அந்தப் பொண்ணு போன்ல லைவ் போடுதாம்ப்பா." பொதுமக்கள் பார்க்கலாம்னு கமிஷனர்கிட்ட அனுமதி வாங்கி, கேலரியில உக்காந்து படம் பிடிக்குதாம். வேற வழி? ஒரே போனு, எட்டு தலை. எங்க வீட்டுப் பொம்பளைங்களை நாங்க இன்டர்நெட்டுல பார்க்கிறோம். "நம்ம மன்றம்"னு எழுத்து ஓடுது கீழே.

அந்த லைவ் ஒரு நிமிஷம் பிந்தித்தான் வரும் சார். அதுதான் கொடுமை. உள்ள திடீர்னு மேஜையைத் தட்டுற சத்தம் கேக்குது. யாரு என்ன பேசினான்னு தெரியாது. போன்ல இன்னும் அஜெண்டா வாசிச்சுக்கிட்டிருக்காங்க. எட்டு பேரும் போனையே முறைச்சுக்கிட்டு நிக்கிறோம், யாரு வீட்டுக்காரின்னு தெரியணும்ல? அப்புறம் போன்ல ஒரு பச்சைச் சேலை எந்திரிச்சு நின்னுச்சு. தவசிக்கண்ணு பெருமூச்சு விட்டான். "ஒன்னோடதுப்பா"ன்னான்.

கையில அந்த அடுப்படி நோட்டு. நல்லாத் தெரியுது. பிரிச்சு வாசிக்கிறா.

"தலைவர் அவர்களே, என் பேரு சுகந்தி. பதினாலாவது வார்டு. நாற்பத்தேழாவது தீர்மானத்துல பம்ப் ஹவுஸ் தெருவுல குழாய் போட்டாச்சுன்னு இருக்கு. நான் போய்ப் பார்த்தேன். குழாய் இல்ல. அந்தக் கையெழுத்து என்னோடது இல்ல. ஆனா என் பேருல இருக்கிறதால பொறுப்பு என்னோடது. அந்தத் தெருவுல தண்ணி வர்ற வரைக்கும் நான் வேற எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். நான் சொன்னதை மினிட்ஸ்ல ஏத்தணும்."

அவ்வளவுதான். உக்காந்துட்டா. உடனே ஒன்பதாவது வார்டு அம்மா எந்திரிக்குது. "என் கையெழுத்தையும் நான் பார்க்கணும்"னு. அப்புறம் மூணாவது வார்டு. இங்க வெளியில ஒவ்வொருத்தனா பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். துபாய்க்காரர் தம்பி ஹெல்மெட்டை மறந்து வச்சிட்டே போயிட்டான். கடைசியில போனுக்காரன் தவசிக்கண்ணும் போயிட்டான். நான் மட்டும் நின்னுக்கிட்டிருந்தேன்.

ஒண்ணு சொல்லவா? யாருகிட்டயும் சொல்லலை. அவ பேச்சு நல்லா இருந்துச்சு சார். நான் பேசினா சுத்தி வளைப்பேன். அவ நேரா வந்துட்டா. அதுவும் அந்த "மினிட்ஸ்ல ஏத்தணும்"னு முடிச்சா பாருங்க, எனக்கு அத்தனை வருஷத்துல தோணலை. ஆனா அதை வீட்டுல வச்சு என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? வீட்டுலயும் சொன்னாதான், ரசம் ஊத்துறப்ப. சரி, விடுங்க.

பதினெட்டு நாள்ல குழாய் போட்டுட்டாங்க. இத்தனை மாசமா நான் எவ்வளவு பாடுபட்டும் நடக்காதது பதினெட்டு நாள்ல நடக்குது. நகராட்சி இன்ஜினியருக்கு மாற்றல். கான்ட்ராக்டர் என்கூடப் பேசுறதில்ல, என் சித்தப்பாவும் பேசுறதில்ல. மும்தாஜ் மெஷினுக்கு மோட்டார் வைக்கணும்னு சுகந்தி எங்கெங்கயோ மனு எழுதி வாங்கிக் குடுத்துட்டா. இப்ப காலால மிதிக்க வேண்டாம், முட்டியால ஒரு தட்டு தட்டினாப் போதும். அந்தம்மா தைச்ச ஜாக்கெட்டைத்தான் இவ கூட்டத்துக்குப் போட்டுட்டுப் போறா.

ஊருல எனக்குப் பேரும் மாறிடுச்சு. முன்னாடி "கவுன்சிலர் வர்றார்"னு சொல்லுவாங்க. இப்ப "கவுன்சிலரம்மா வீட்டுக்காரர் வர்றார்." செவ்வாயும் சனியும் காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் முன்ரூம்ல மனு வாங்குறா. என் சோபாவுல ஜனங்க உக்காந்திருக்காங்க. நான் பின்பக்கமா வரணும், பின்பக்கமாப் போகணும். ஆனா வண்டி ஓட்ட மட்டும் நான் வேணும். "என்னங்க, கிழக்குத் தெரு வரைக்கும் போகணும், வண்டியை எடுங்க." அவ சாக்கடையைப் பார்க்கிற வரைக்கும் நான் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தன் வந்து, "அண்ணே, அம்மா எப்ப ஃப்ரீ ஆவாங்க?"ன்னு கேக்குறான்.

இப்ப எதுக்கு கலெக்டர் ஆபீஸ் போறேன்னு கேக்கலையே? விசாரணை. ஒரு அதிகாரி முன்னால உக்காந்து "சுகந்தி"ன்னு இருபது தடவை எழுதிக் காட்டணுமாம். பதிவேட்டுல உள்ளதோட ஒத்துப் பார்ப்பாங்களாம். நேத்து சுகந்தி சொன்னா, "நடந்ததைச் சொல்லிடுங்க, நானும் வந்து எனக்கும் இதுல தப்பு உண்டுன்னு சொல்றேன், பதினொரு கூட்டம் நான் கேக்காம இருந்திருக்கேன்ல"ன்னு. அவ காலையில முதல் பஸ்ஸுக்கே போயிட்டா, அங்க வேற எதோ மனு குடுக்கணுமாம். ஒரே வீட்டுல இருந்து ஒரே ஆபீஸுக்கு ரெண்டு பஸ்ஸுல போறோம். எனக்கு ஒரே குழப்பம்தான் சார். நல்லா எழுதினா மாட்டிக்குவேன். கோணலா எழுதினா, இத்தனை நாள் நான் போட்ட கையெழுத்து நல்லா இருந்ததுங்கிறதே இல்லாமப் போயிடும். ஆனா என்னத்தை எழுதினாலும் அந்த லெட்டர் ஒண்ணு இருக்கே.

இதெல்லாம்கூட இருக்கட்டும். போன மாசம் எங்க வீட்டு வாசல் தெருவிளக்கு எரியலை. முன்னாடின்னா ஒரு போன் போதும், லைன்மேன் ஓடி வருவான். இப்ப நான் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறான். சுகந்திகிட்டச் சொல்லலாம்னா அவ நேரம் கிடைக்கலை. சோறு போடுறப்பக்கூடப் போன் அடிக்குது. சனிக்கிழமை முன்ரூம் வழியா எட்டிப் பார்த்தேன், பதினாலு பேர் உக்காந்திருக்காங்க, நான் எங்க போய் உக்கார? கடைசியில அந்த "நம்ம மன்றம்" இருக்கே, அதுல இப்ப புகார் குடுக்கவும் ஒரு இடம் வச்சிருக்காங்க, சுகந்தி கேட்டுத்தானாம். நானே உள்ள போய், தட்டுத் தடுமாறி, தெருப் பேரு, கதவு இலக்கம் எல்லாம் அடிச்சுக் குடுத்தேன். "உங்கள் புகார் எண் 318. வார்டு உறுப்பினருக்கு அனுப்பப்பட்டது"ன்னு வந்துச்சு. அடுப்படியில டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு.

மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிஞ்சுது சார்.

அதோட என் போனுக்கு ஒரு மெசேஜ். "உங்கள் புகார் தீர்ந்ததா? ஆம், இல்லை." ரெண்டுல ஒண்ணை அமுக்கணுமாம். நான் அமுக்கலை. மூணு நாள் கழிச்சு மறுபடி வந்துச்சு. "இல்லை"ன்னு அமுக்கிட்டேன். லைன்மேன் ஏணியோட மறுபடி வந்து, எரியுற விளக்கை அண்ணாந்து பார்த்துட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போனான். அதுக்கப்புறமும் மூணு நாளைக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டேதான் இருக்கு.

போன வாரம் வண்டியில பின்னால உக்காந்துக்கிட்டு சுகந்தி கேட்டா. "ஏங்க, முன்னூத்திப் பதினெட்டுன்னு ஒரு புகார் மட்டும் முடியவே மாட்டேங்குதே, அவருக்கு வேற என்னதான் வேணுமாம்?" சிரிச்சாளா என்னன்னு தெரியலை, கண்ணாடியில முகம் தெரியலை. கதவு இலக்கம் அதுல இருக்கு சார், தெரியாமலா கேக்குறா? நானும் விடலை. "யாரோ சரியான பிடிவாதக்காரன் போலிருக்கு"ன்னேன். "சரி, அவரு சொல்றப்ப சொல்லட்டும்"னு தோள்ல கையை வச்சுக்கிட்டா. மேடு பள்ளம் ரோடு, பிடிச்சுக்கத்தான்.

ஸ்டாப் வந்துடுச்சு போல. எந்திரிக்கிறேன். இதை மட்டும் பார்த்துட்டு விடுங்க, இந்தாங்க, போன்லயே இருக்கு. வார்டு பதினாலு. வந்த புகார் முன்னூத்தி முப்பத்தி நாலு, தீர்ந்தது முன்னூத்தி முப்பத்தி மூணு. மனுதாரர் திருப்தி, தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு சதவீதம். மாவட்டத்துலயே எந்த நகராட்சியிலயும் இந்த மாதிரி இல்லையாம்.

மிச்சம் புள்ளி மூணு இருக்குல்ல சார்? அது நான்தான்.